பின்னாலிருந்து கூப்பிடாதவள்

என் தம்பி பெண்டாட்டி யாரையும் பின்னாலிருந்து கூப்பிட மாட்டாள். நீங்கள் வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்துவிட்டால் அவ்வளவுதான். வீடே தீப்பிடித்தாலும் உங்கள் முதுகைப் பார்த்து அவள் வாய் திறக்காது. அதற்காக உங்களைச் சும்மா விட்டுவிடவும் மாட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்துச் சந்தில் புகுந்து ஓடுவாள். மாவு மில்லைச் சுற்றி, மாரியம்மன் கோயில் பின்சுவரை ஒட்டி, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வெளியே வந்து உங்களுக்கு எதிரே நிற்பாள். மூச்சு இரைக்கும். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மதினி, வாரப்ப ஒரு கட்டு மல்லித்தழை" என்பாள்.

ஒரு கட்டு மல்லித்தழைக்கு அவ்வளவு ஓட்டம்.

முனையில் டீக்கடை வைத்திருந்தவன் தினமும் வேடிக்கை பார்ப்பான். "ஏக்கா, உங்க தம்பி சம்சாரத்த ஓட்டப் பந்தயத்துக்கு விடுங்க. திண்டுக்கல்லுக்கு ஒரு கப்பு வரும்" என்று என்னிடம் சொல்வான். அவள் காதில் விழுந்துவிடும். "மொதல்ல நீ எச்சி கிளாசக் கழுவு. அதுக்கு ஒரு கப்பு தாரேன்" என்று சொல்லிவிட்டு, வந்த சந்து வழியாகப் போகாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். வந்த வழியே திரும்புவதும் அவளுக்கு ஆகாது.

அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டவளின் பெயரை எழுதுவது அவளைப் பின்னாலிருந்து கூப்பிடுவது மாதிரி எனக்குப் படுகிறது. அவளுக்குப் பிடிக்காது.

நாகல்நகர் பக்கம் ஒரு காம்பவுண்டில் வரிசையாக ஏழு வீடுகள். மூன்றாவது வீடு என்னுடையது, நான்காவது அவளுடையது. நான் சத்துணவுக்கூடத்தில் முப்பது வருடம் பொங்கிப் போட்டவள். மூன்றாம் வகுப்போடு நின்றாலும் சம்பளப் பட்டியலில் ஒரு நாளும் கைநாட்டு வைத்ததில்லை. பேனா பிடித்துக் கையெழுத்துத்தான் போட்டேன். அவளுக்கு அந்த அளவு எழுத்தும் கிடையாது. பஸ்ஸின் நிறத்தையும் கண்டக்டர் போடும் சத்தத்தையும் வைத்துத்தான் ஊர் கண்டுபிடிப்பாள்.

ஒரு முறை எரியோட்டில் எங்கள் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். நான் வெற்றிலை வாங்கிவிட்டுத் திரும்புவதற்குள் அவள் வத்தலக்குண்டு வண்டியில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டாள். வண்டியும் நகர ஆரம்பித்துவிட்டது.

"ஏத்தா, அது வத்தலக்குண்டு வண்டி! எறங்கு, எறங்கு!"

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "ஏறிட்டேன்ல மதினி. நீங்க கல்யாணத்துக்குப் போங்க."

போயே போய்விட்டாள். பொழுது சாயும்போது வந்து சேர்ந்தாள். வந்த வழியில் திரும்பாமல் நிலக்கோட்டை, கொடைரோடு என்று சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். கல்யாணத்தில் வைக்க வேண்டிய குத்துவிளக்கு அவள் மடியிலேயே இருந்து வத்தலக்குண்டைப் பார்த்துவிட்டு வந்தது.

"அறிவிருக்காடி உனக்கு?" என்றேன்.

"அதுவும் ஒரு ஊருதான மதினி. கொடைக்கானல் போற சனத்தப் பூரா பாத்தேன். எல்லாரும் ஸ்வெட்டரக் கையில வச்சிக்கிட்டு வேர்த்து வடியிறாக" என்று சிரித்தாள்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் அவள் சிரிப்புக்காரி என்று நினைத்துவிடுவீர்கள். பிறவியிலேயே அவள் அப்படி இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் குரல்தான் காம்பவுண்டிலேயே பெரிய குரல். குழாயில் தண்ணீர் வந்தால் ஏழு வீட்டுக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிடுவாள்.

என் தம்பி கொத்தனார். எனக்குப் பின் எங்கள் அம்மாவுக்கு மூன்று தங்காமல் போய், வெகுகாலம் கழித்துப் பிறந்தவன். என் இடுப்பில்தான் வளர்ந்தான். அவனுக்கும் பிள்ளை சீக்கிரம் தங்கவில்லை. பத்து வருடம் கழித்துத்தான் பவித்ரா பிறந்தாள். அவளுக்கு நாலு வயது நடக்கும்போது, அவனுக்கு எரியோட்டுப் பக்கம் ஒரு வீட்டு வேலை. காலையில் கிளம்பித் தெருமுனை வரைக்கும் போய்விட்டான். சோற்றுவாளி திண்ணைக்கல்லிலேயே இருந்தது. இவள் பார்த்துவிட்டு, "ஏங்க, சோத்துவாளி!" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பி வந்து வாளியை வாங்கிக்கொண்டு, பிள்ளை கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான். அதற்குள் அவன் வழக்கமாகப் போகிற பஸ் போய்விட்டது. செங்கல் ஏற்றிக்கொண்டு போன லாரியில் பின்னால் ஏறிக்கொண்டான். வேடசந்தூர் ரோட்டில் லாரி கவிழ்ந்தது. செங்கல் அத்தனையும் அவன் மேல்.

கொண்டு வந்து போட்டபோது நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். இவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "நான் கூப்பிடாம இருந்திருந்தா பஸ்ஸப் பிடிச்சிருப்பாரே" என்று தானாகவேதான் சொன்னாள். நான் விட்டிருக்கலாம். ஊரே கூடியிருந்த அந்த இடத்தில் அவள் முகத்துக்கு நேரே கையை நீட்டிச் சொன்னேன்: "போற மனுசன ஏன்டி பின்னாடி கூப்பிட்ட? உன் கொரலுக்கு எந்தம்பி மட்டுமா திரும்புனான்? எமனும்ல திரும்பிட்டான்!"

அவள் அழுகை அப்படியே நின்றது. எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. குழாயைத் திருகி மூடினால் தண்ணீர் நிற்குமே, அப்படி நின்றது.

சாவு வீட்டில் ஆயிரம் சொல் வரும், பதினாறாம் நாளோடு தண்ணீர் தெளித்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். அவளுக்குப் போகவில்லை. அன்றிலிருந்துதான் யாரையும் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. எடுத்து வைத்த காலைத் திருப்புவதுமில்லை. நானும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை. எங்கள் இரண்டு பேரில் யாருக்குப் பிடிவாதம் அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் பிரியாணிக் கடைகளுக்குச் சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். மூட்டையாகக் கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போவார்கள். உரித்துக் கொடுக்க வேண்டும். நான் வேலையிலிருந்து ஓய்வான பிறகு அவளோடு உட்கார்ந்து உரித்தேன். எனக்குக் கண் எரிந்து தண்ணீர் கொட்டும். அவளுக்கு ஒரு சொட்டு வராது. "உனக்கு மட்டும் எப்படிடி எரிய மாட்டேங்குது?" என்று கேட்டால், "பழகிருச்சு மதினி" என்பாள். 

பவித்ரா வாய்க்காரி. அப்பன் சாயல், அம்மாவின் பழைய குரல். ரேஷன் கடையில் ஒரு நாள் பருப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் எல்லோரும் பையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். இந்தப் பிள்ளை மட்டும் சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போது அது எட்டாவது படித்தது என்று நினைக்கிறேன்.

"அண்ணே, பருப்பு இருப்பு முப்பது கிலோன்னு எழுதிப் போட்டிருக்கீக. ஒண்ணு பருப்பக் குடுங்க, இல்ல பலகைய அழிங்க."

கடைக்காரருக்கு முகம் செத்துவிட்டது. உள்ளே போய் மூட்டையை அவிழ்த்தார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அன்று பருப்பு கிடைத்தது. "இவ வக்கீலுக்குத்தான் லாயக்கு" என்று எல்லோரும் சொன்னார்கள். அதைப் பிள்ளை மனதில் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

பத்தாவதில் நல்ல மார்க்கு. பெற்றவளுக்குத் தலைகால் புரியவில்லை. அப்படிப்பட்ட மார்க்கு எடுத்தால் முதல் குரூப்பில்தான் சேர வேண்டும், அதில் சேர்ந்தால்தான் டாக்டர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு, உயிரியல் என்று நாலும் அதற்குள் வரும். பள்ளிக்கூடம் திறந்த அன்று மகளோடு போய், வகுப்பு வாசலில் நின்று, "வலது கால எடுத்து வச்சு உள்ள போ" என்றாளாம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்களாம். வரும் வழியில் பார்த்தவரிடமெல்லாம், "எம்மக இனிமே ஊசி போடப் போறா, எல்லாரும் கைய நீட்டிக்கிட்டு வாங்க" என்றாள்.

ஆடி முடிவதற்குள் பிள்ளையின் முகம் சுண்டிவிட்டது. ஒரு சாயங்காலம் அவள் அம்மா வெங்காயத் தொலி கொட்டப் போயிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"அத்தை, பிசிக்ஸ் டெஸ்ட்ல அம்பதுக்கு ஏழு."

"அடுத்த தடவ பத்து எடுப்ப, விடு."

"பத்து எடுத்து என்ன செய்ய? எனக்குப் புரியலத்தை. போர்டுல எழுதுறது கோயில்ல விக்கிற எந்திரத் தகடு மாதிரி இருக்கு. எல்லாரும் எழுதுறாகன்னு நானும் எழுதுறேன்."

பக்கத்து வகுப்பில் வரலாறு குரூப் நடக்கிறது என்றாள். வரலாறு, பொருளாதாரம், அரசியல் எல்லாம் அதில் உண்டாம். அதைப் படித்துவிட்டு மதுரையில் சட்டம் படிக்கலாமாம். இப்போதே மாறிக்கொண்டால் உண்டு, காலாண்டுப் பரீட்சை வந்து பெயர்ப் பட்டியல் போய்விட்டால் பிறகு மாற்ற முடியாது என்று வகுப்பு டீச்சர் சொல்லிவிட்டாராம். "வீட்ல கேட்டு ஒரு லெட்டர் கொண்டு வா. உனக்கு அதுதான் நல்லது" என்று டீச்சரே சொல்லியிருக்கிறார்.

மறுநாள் மூன்று பேரும் வெங்காயக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது பிள்ளை பேச்சை எடுத்தது.

"அம்மா, நான் குரூப்ப மாத்திக்கிறேன்."

அவள் கத்தி நிற்கவில்லை. "எத மாத்துற?"

"படிக்கிற பாடத்த. வரலாறு குரூப்புக்குப் போறேன். அப்புறம் வக்கீலுக்குப் படிக்கிறேன்."

"இதுக்குள்ள போயாச்சுல்ல."

"போயாச்சும்மா. வெளிய வந்து பக்கத்து ரூம்ல ஒக்காரணும். இருவது அடி கூட இருக்காது."

"இருவது அடியோ எரநூறு அடியோ, வச்ச காலத் திருப்பித்தான வரணும்?"

"தப்பான பஸ்ல ஏறுனா எறங்கக் கூடாதா?"

"நான் எறங்கலையே. வீடு வந்து சேரலையா?"

"நீ வந்து சேந்த. வெளக்கு கல்யாணத்துக்குப் போய்ச் சேரலையேம்மா!"

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. உரித்த வெங்காயத்தை ஏனத்தில் போட்டுவிட்டு மகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கஷ்டமா இருந்தா கஷ்டப்படு. ராவும் பகலும் படி. முன்னால போய்க்கிட்டே இருந்தா எங்கிட்டாச்சும் வெளிய வந்துரலாம். திரும்புனாத்தான்..." என்றவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"திரும்புனா என்ன ஆகும்? அதச் சொல்லேன்" என்று பிள்ளை கேட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தைப் பார்த்தேன்.

ஒரு வாரம் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவள் நான், பெரியவளான சடங்குக்குக் குச்சு கட்டியபோது முன்னால் நின்றவள் நான். அத்தைக்கு இல்லாத உரிமையா என்று நினைத்தேன். "அம்மா கைநாட்டு இல்லாட்டி கார்டியன் கையெழுத்துப் போதும், நேர்ல வந்தா நல்லது" என்று டீச்சர் சொன்னதாகப் பிள்ளை சொன்னதும், "எழுதுடி லெட்டர. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளை நோட்டிலிருந்து தாளைக் கிழித்து அழகாக எழுதியது. அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இங்கன போடணும் அத்தை" என்றது. "அங்க போய் அவுக முன்னாடிதான் போடுவேன். கையெழுத்துன்னா எதுக்க ஆள் இருக்கணும்" என்றேன். அன்றே, வீட்டிலேயே போட்டிருக்கலாம். பெரிய டீச்சர் மேஜையில், பேனா வாங்கி, அவர் பார்க்கப் போட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

குரூப் மாற்றக் கடைசி நாளன்று காலையில் கிளம்பினோம். நல்ல சேலை கட்டிக்கொண்டேன். அவள் வாசலில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் பட்டுக்கரைச் சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளையோடு போகிறேன் என்றால் அவளுக்குத் தெரியாதா? எங்கள் முதுகை அவள் பார்ப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கூப்பிடவில்லை. தெருமுனை தாண்டியதும் பிள்ளை என் கையைப் பிடித்து, "தப்பிச்சோம் அத்தை, அம்மா கூப்பிடாது" என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளிக்கூடம் போகிற பாதை முழுக்கப் பிள்ளை பேசிக்கொண்டே வந்தது. கறுப்புக் கோட்டு தைத்தால் முதலில் என் மேல்தான் போட்டுப் பார்க்குமாம்.

பள்ளிக்கூட கேட்டுக்குப் பத்தடி இருக்கும்போது அவள் எதிரே நின்றாள்.

எந்த எந்தச் சந்து வழியாக ஓடி வந்தாளோ தெரியாது. ஒன்றரை மைல் இருக்கும். தலைமுடி கலைந்து, சேலையெல்லாம் வெங்காயத் தொலி. ஒரு காலில் செருப்பு இல்லை. மூச்சு வாங்கியதில் முதலில் பேச்சு வரவில்லை. கேட் பக்கம் காவல்காரர், கொய்யா விற்கிறவள், பிள்ளைகளை விட வந்த தாய்மார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"மதினி, நீங்களே கூட்டிட்டுப் போறீகளா?"

"புள்ளைக்கு ஏறலத்தா. ஏறாதத எம்புட்டு நாளைக்குச் சொமக்கும்? நீ வீட்டுக்குப் போ."

"ஒருக்க திரும்புனதுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?" கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். "நீங்கதான மதினி சொன்னீக. எம்மூஞ்சிக்கு நேரா நீங்கதான சொன்னீக."

பிள்ளை என் பக்கம் திரும்பியது. அதற்கு அப்போதுதான் ஏதோ இருக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். "என்ன சொன்னீக அத்தை?"

இதற்கு நான் சொல்ல வேண்டிய பதில் சின்னப் பதில்தான். 'தம்பி போன வயித்தெரிச்சல்ல சொன்னேன்டி. நீ கூப்பிட்டதுக்கும் அவன் செத்ததுக்கும் சம்பந்தமில்ல. லாரிக்காரன் கவுத்தான், அவன் செத்தான்.' இவ்வளவுதான். சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். பன்னிரண்டு வருடத்து அழுகை. அழுது முடித்துவிட்டுப் பிள்ளையை விட்டிருப்பாள். எனக்கு அது அப்போதே தெரிந்தது. தெரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் கொய்யாக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் என் சத்துணவுக்கூடத்தில் சாப்பிட்டு வளர்ந்தவன். காவல்காரர் எனக்கு வணக்கம் வைக்கிறவர். அத்தனை பேருக்கு நடுவில், தம்பி பெண்டாட்டியிடம், நான் சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"ஒண்ணுமில்ல" என்றேன். "உங்கம்மா சொல்றதக் கேளு. பெத்தவ பேச்ச மீறக் கூடாது."

பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்பு போதாது. கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டுக்குள் போய்விட்டது. அவள் செருப்பில்லாத காலை ஊன்றி ஊன்றி, வந்த பாதையை விட்டு வேறு தெரு வழியாக வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். 

அதற்குப் பிறகு இரண்டு வருடம் பவித்ரா படிக்கத்தான் செய்தது. காலையில் எழுந்து வாய்விட்டுப் படிக்கும். எனக்குச் சுவர் வழியாகக் கேட்கும். அர்த்தம் தெரியாத மந்திரத்தைப் பூசாரி சொல்கிற மாதிரி இருக்கும். வாய்ப்பேச்சு மட்டும் நின்றுவிட்டது. ரேஷன் கடையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரும். கடைக்காரரே ஒரு நாள் என்னிடம், "வக்கீலம்மாவுக்கு என்ன, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

பன்னிரண்டாவதில் மூன்று பாடம் போய்விட்டது. மறுபடி எழுதி இரண்டு வந்தது. பிசிக்ஸ் வரவில்லை. இன்னொரு முறை எழுதியும் வரவில்லை. அவள் மகளைத் திட்டவே இல்லை. தலையைத் தடவி, "இன்னொருக்க எழுது. நின்னுறாத. முன்னால போ" என்றாள்.

"முன்னால மில்லு வேன்தான்ம்மா நிக்குது" என்றது பிள்ளை. "அதுல ஏறிக்கிறேன்."

வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லுக்குப் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வேன் எங்கள் தெருமுனைக்கு வரும். அங்கேயே தங்கி வேலை பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை விடுவார்கள். ஒரு வருடம் பார்த்துவிட்டு மீண்டும் பரீட்சை எழுதுவதாகப் பேச்சு. அப்படிப் போன எங்கள் தெருப் பிள்ளைகளில் மீண்டும் பரீட்சை எழுதியவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

அதற்குள் அவளுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. நாளெல்லாம் மணையில் உட்கார்ந்து உரித்தது ஒரு காரணம். சந்து சந்தாக ஓடியதும் சேர்ந்திருக்கும். சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள்.

பிள்ளை கிளம்பிய காலையில் நான் வாசலில் நின்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வாரேன்ம்மா, வாரேன் அத்தை" என்று சொல்லிவிட்டு நடந்தது. தெருமுனையில் வேன் ஆரன் அடித்தது. அப்போதுதான் அவள் பார்த்தாள். ஆதார் கார்டு, மார்க்கு சீட்டு எல்லாம் போட்டு வைத்த பிளாஸ்டிக் கவர் வாசற்படியிலேயே இருந்தது. அது இல்லாவிட்டால் மில்லில் சேர்க்க மாட்டார்கள்.

அவள் அதைக் கையில் எடுத்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். சந்துப் பக்கம் பார்த்தாள். ஓரடி எடுத்து வைத்தாள். முட்டி மடங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கவரை என் பக்கம் நீட்டினாள்.  

எனக்குத் தடை ஒன்றும் இல்லை. நான் கூப்பிட்டேன். "ஏத்தா பவி! கவர விட்டுட்டுப் போற!"

பிள்ளை நின்றது. திரும்பவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வேனைப் பார்த்தபடியே, வலது கையை முதுகுக்குப் பின்னால் நீட்டியது.

நான் போய் அந்தக் கையில் கவரை வைத்தேன். கவருக்குள் எல்லாவற்றுக்கும் மேலாக நாலாக மடித்த நோட்டுத் தாள் ஒன்று தெரிந்தது. "திரும்பித்தான் பாரேன்டி" என்று மெதுவாகச் சொன்னேன். "வேணாம் அத்தை. அம்மா பாத்துக்கிட்டு இருக்கும், பயந்துரும்" என்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏறியது.

நான் வீட்டுக்கு வந்தேன். தூரத்தில் நடப்பது அவளுக்குக் கண்ணில் அவ்வளவாகத் தெரியாது அப்போது.

"திரும்புனாளா மதினி?"

"இல்ல."

"நல்ல புள்ள" என்றாள். சுவரைப் பிடித்து உள்ளே போய் மூட்டையை அவிழ்த்தாள்.

அடுத்த ஆடிக்கு அவள் இல்லை. இரண்டு நாள் காய்ச்சல்தான். மில்லிலிருந்து பிள்ளை வந்தது. ஆண் பிள்ளை இல்லாத வீடு என்பதால் நெருப்புச் சட்டியை அதுதான் தூக்கியது. நாலாம் நாள் மீண்டும் வேனில் ஏறிப் போனது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அவளைத் தூக்கிய அன்று, நெருப்புச் சட்டி எடுத்த பிள்ளை மட்டும் பாடைக்கு முன்னால் போனது; எங்கள் பக்கம் மற்றப் பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போவோம். எல்லோரும் அழுதுவிட்டுத் திரும்பினார்கள், நான் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான், பள்ளிக்கூட கேட் வாசலில் எழாத அந்தச் சொல் முழுசாக என் வாய்க்கு வந்தது. பாடை மாவு மில்லைத் தாண்டிக்கொண்டிருந்தது. போகிறவளைப் பின்னாலிருந்து எப்படிக் கூப்பிடுவேன்? சந்து வழியாக ஓடி எதிரே போய் நிற்க எனக்குக் கால் இல்லை.